ரத்த சப்ளையை கட் பண்ணாத டாக்டர்

பிளாஸ்டிக் சர்ஜரின்னா நமக்கு சினிமா நட்சத்திரங்களோட மூக்குதான் ஞாபகம் வரும். ஆனா இந்தத் துறை பெருசா வளர்ந்தது முதல் உலகப் போரில்தான்.

ஹெரால்ட் கில்லீஸ் 1882-ல் நியூசிலாந்தில் பிறந்தவர். லண்டனில் காது, மூக்கு, தொண்டை டாக்டர். போரில் குண்டடிபட்டு தாடை, மூக்கு இழந்த வீரர்களுக்காகவே 1917-ல் இங்கிலாந்தின் சிட்கப்பில் தனி மருத்துவமனை திறந்தாங்க. தன் முகத்தையே பார்த்து யாரும் உடைஞ்சு போகக் கூடாதுன்னு அங்கே வார்டில் கண்ணாடி வைக்கல.

பிரச்சினை என்னன்னா, தடிமனான தோலை முழுசா வெட்டி எடுத்து முகத்தில் வைத்தால், ரத்தம் கிடைக்காமல் செத்துடும். அதனால ஒரு முனையை உடம்போடயே விட்டுவைக்கணும். அப்பவும் திறந்து கிடக்கும் உள்பக்கத்தில் கிருமி ஏறும். அது பெனிசிலின் இல்லாத காலம்!

அதே வருஷம் அக்டோபரில், தீக்காயம்பட்ட ஒரு மாலுமியின் மார்புத் தோலைத் தூக்கியபோது, அதன் ஓரங்கள் உள்பக்கமா சுருளுவதை கில்லீஸ் கவனிச்சார். அப்படியே குழாய் மாதிரி தைச்சிட்டார். உள்ளே ரத்தம் ஓடும், வெளியே தோலே கவசம். முகத்தில் புது ரத்த நாளங்கள் வளர்ந்த பிறகுதான் குழாயை வெட்டுவாங்க. கரண்டை நிறுத்தாம லைனை மாத்துற மாதிரி!

சிட்கப்பில் 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு 11,000-க்கும் அதிகமான ஆபரேஷன்கள் நடந்தன. ஒரே முகத்துக்கு பல தடவை, பல மாசம். அவசரப்பட்டிருந்தா, வைத்த தோலும் போயிருக்கும்.

அழகு அப்புறம். மறுபடி சாப்பிடணும், பேசணும், தெருவில் நடக்கணும். அதுதான் அவங்க கேட்டது.