பத்துக்கு எத்தனை?

"உனக்கு என்ன குறைச்சல்? வேலை இருக்கு, வீடு இருக்கு, தங்கமா பிள்ளைங்க இருக்கு." மனச்சோர்வில் படுத்திருப்பவரிடம் நம் வீடுகளில் முதலில் சொல்வது இதுதான். சொல்பவர் தைரியம் கொடுப்பதாக நினைக்கிறார். 'இவ்வளவு இருந்தும் இப்படிக் கிடக்கிறாயே' என்றுதான் கேட்பவர் காதில் விழுகிறது.

சொன்னதற்கும் விழுந்ததற்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தை அளந்தவர்கள் உண்டு. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களை ஆராய்ந்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, வாடகை அறைக்கும் உடன்பிறந்தார் வீட்டுக்கும் போனவர்கள் தேவலையாக இருந்தார்கள்! பிறகு அவரது குழு குடும்பத்தாரைப் பேசவிட்டு, நோயாளியை எத்தனை முறை குறை சொல்கிறார்கள் என்று எண்ணியது. சொல்லோடு குரலின் தொனியும் கணக்கில் வந்தது. 1976இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் மனச்சிதைவு உள்ளவர்களோடு மனச்சோர்வு உள்ளவர்களிடமும் இதைச் சோதித்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்களைவிட இவர்கள் குறைவான குறைகூறலுக்கே மறுபடி சரிந்தார்கள்.

1989இல் ஜில் ஹூலி, ஜான் டீஸ்டேல் இதை ஒரே கேள்வியாகச் சுருக்கினார்கள். "உங்கள் துணைவர் உங்களை எவ்வளவு குறை சொல்கிறார்? ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடுங்கள்." அவர்கள் கேட்டது 39 பேரிடம்தான். ஆனால் அடுத்த ஒன்பது மாதத்தில் யாருக்கு நோய் திரும்பும் என்பதை, நீண்ட பேட்டிகளைவிட அந்த ஒற்றை எண் நன்றாகவே காட்டிக்கொடுத்தது.

குடும்பம்தான் நோயை வரவழைக்கிறது என்று இதைப் படித்துவிடக் கூடாது. சும்மா இருக்கும் முகத்தையும் கடுகடுப்பாகக் காட்டுவது மனச்சோர்வின் குணம். நாம் பேசுவது அந்தக் காதுக்குத்தான் என்பது நினைவில் இருந்தால் போதும்.

"வாக்கிங் போனா சரியாயிடும்" என்பது அறிவுரை. "செருப்பைப் போட்டுக்கோ, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்பது துணை. மனம் தெளிந்தால் எழுந்திருப்பார் என்று காத்திருக்க வேண்டாம். எழுந்து நடந்தால் மனம் மெல்லப் பின்னால் வரும் என்பதை வைத்தே ஒரு சிகிச்சை இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு படிக்காத ஆலோசகர்கள் பயிற்சி பெற்று ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதைச் செய்து பலன் கண்டார்கள். அந்த முடிவுகள் 2017இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன.

மாத்திரை விஷயத்தில் வேறொரு சிக்கல். வயிற்றுப் புரட்டலும் வாய் உலர்தலும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக, ஆகும். "இதெல்லாம் பழக்கமாயிடும், நிறுத்திடு" என்று உறவினர் வந்து உட்காருவது சரியாக இந்த இடைவெளியில்தான். மதுவுக்கு ஏங்குவதுபோல இதற்கு ஏங்கும் அடிமைத்தனம் வருவதில்லை. மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவதுதான் தொல்லை.

"சாகணும்னு தோணுதா?" என்று கேட்க எல்லோருக்கும் நாக்கு கூசும். கேட்டால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம். அப்படி முளைப்பதில்லை, பலருக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைத்த ஆறுதலே வருகிறது. 'ஆமாம்' என்றால் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416, இரவு பகலாகக் கட்டணமின்றித் தமிழிலும் பேசுகிறது. நோயாளிதான் அழைக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் தூக்கமில்லாமல் படுத்திருப்பவரும் அழைக்கலாம்.