பெட்டியில் வரும் மகிழுந்து

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களின் கதையும் மகிழுந்தின் கதையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கியவை. 1896-ஆம் ஆண்டு தான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வாணிக ரப்பர்த் தோட்டம் என்று அதைக் குறிப்பிடுவர். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில் ரப்பர் நடப்பட்டது. 1908-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி மகிழுந்தை வெளியிட்டதும் டயருக்கான தேவை ஏறியது. பால்மரம் சீவ மேலும் மேலும் நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். உலகத்து மகிழுந்துகளுக்கு டயர் கொடுத்த மண் இது. லோரி ஓட்டவும் டிராக்டரைப் பிரித்துப் பூட்டவும் நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், ஒரு மகிழுந்தை முதலிலிருந்து நாமே கட்டினால் என்ன? இக்கேள்வியைக் கேட்ட ஒரு சிறு கூட்டம் உலகில் உண்டு. அவர்கள் செய்வதுதான் ‘கிட் கார்’.

கிட் கார் என்பது உதிரிகளாகப் பெட்டியில் வரும் மகிழுந்து. இரும்புக் குழாய்களால் ஆன சட்டகம், கண்ணாடியிழை அல்லது அலுமினிய உடல், சஸ்பென்ஷன் கைகள், போல்ட்டு நட்டுகள் ஆகியவற்றை ஒரு நிறுவனம் அனுப்பும். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் போன்றவற்றைப் பெரும்பாலும் ஒரு பழைய வண்டியிலிருந்து எடுத்துக் கொள்ள வேண்டும். நமக்கு உறுப்புதானம் செய்யும் வண்டி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

இதில் புகழ்பெற்றது லோட்டஸ் செவன். காலின் சாப்மன் 1957-இல் அதை இங்கிலாந்தில் அறிமுகப்படுத்தினார். இருவர் அமரும் சிறிய திறந்த வண்டி. அக்காலத்தில் அங்கு முழு மகிழுந்து வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரிகளாக வாங்கி நீங்களே பூட்டிக் கொண்டால் அந்த வரி இல்லை. ஆனால், ‘பூட்டும் முறை’ என்ற விளக்கக் கையேட்டைச் சேர்த்துக் கொடுத்தால் சலுகை போய்விடும். அதனால் ‘கழற்றும் முறை’ என்று எழுதிக் கொடுத்தார்களாம்; வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக் கொள்வாராம்! 1973-இல் பிரிட்டனில் மதிப்புக்கூட்டு வரி வந்து, அச்சலுகை முடிந்தது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. வரிச் சலுகை போனபின்னும் மக்கள் வீட்டுக் கொட்டகையில் செவனைக் கட்டிக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இக்கதையில் பங்குண்டு. லோட்டஸ் நிறுவனம் 1996 முதல் 2017 வரை புரோட்டோனின் கையில் இருந்தது. கேட்டர்ஹாமை 2011-இல் ஏர் ஏசியாவின் டோனி ஃபெர்னாண்டஸ் வாங்கினார்; 2021-இல் அது ஜப்பானிய நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. ஆஸ்திரேலியாவில் சகோதரர்கள் மூவருக்கென்று கையால் கட்டத் தொடங்கிய புஃபோரி மகிழுந்துகூட 1990களின் இறுதியில் கெப்போங்கில் வந்து குடியேறியது.

பெட்டியைப் பிரித்து, போல்ட்டுகளை முடுக்கினால் வண்டி தயாராகிவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் முடுக்குவது சிறு வேலை. பொருந்தாததைப் பொருந்த வைப்பதுதான் பெரிய வேலை. பொருந்தாமைக்கு யாருடைய கவனக்குறைவும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பத்துப் பாகங்கள் ஒன்றை அடுத்து ஒன்றாகப் பூட்டப்படுகின்றன என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் பிழை. தனித்தனியே பார்த்தால் எல்லாம் நல்ல பாகங்கள்தாம். ஆனால், பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் பத்தாவது பாகம் 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அங்கே போல்ட்டு நுழையாது.

தீர்வைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எளிதில் புரிந்து கொள்ளலாம். கன்று நடும்போது நிரை பிடிப்பார்கள். முதல் குச்சியிலிருந்து இரண்டாவதை, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை என்று அளந்து கொண்டே போனால் நிரை பாம்பாக வளைந்துவிடும். ஒரே அடிக்கோட்டைப் போட்டு, எல்லாக் குச்சிகளையும் அதிலிருந்தே அளக்க வேண்டும். மகிழுந்திலும் அப்படியே. சட்டகத்தின் நடுவே ஒரு நூலைக் கட்டி, அதையே மூலக்கோடாகக் கொண்டு இடமும் வலமும் அளக்க வேண்டும். பக்கத்துப் பாகத்திலிருந்து அளக்கவே கூடாது.

சட்டகத்தையே தாங்களே வெல்டிங் செய்து கொள்பவர்களும் உண்டு. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுனில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். பலரும் அதைப் பார்த்துச் செவனைப் போன்ற வண்டியைக் கட்டினார்கள். ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய்தான் அதன் எலும்பு. இங்குள்ள எதிரி சூடு. வெல்டிங் செய்த இடம் ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் சட்டகம் முறுக்கிக் கொள்ளும். ஆகவே, முதலில் எல்லா மூட்டுகளிலும் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்ட வேண்டும். பிறகு மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, சமமாக இருந்தால் மட்டுமே, எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி முழு வெல்டிங் செய்ய வேண்டும். மூலைவிட்டங்கள் சமமானால் செவ்வகம் நேராக உள்ளது என்று ஆரம்பப்பள்ளியில் படித்தோமே, அது பயன்படும் இடம் இதுதான்.

கண்ணாடியிழை உடலோ வேறு குணம் கொண்டது. அச்சிலிருந்து எடுத்தபின்னும் அது சற்றே சுருங்கும், வளையும். இடப்பக்க மட்கார்டும் வலப்பக்க மட்கார்டும் இரட்டையர் போலத் தோன்றினாலும் அளவில் ஒன்றாக இருப்பது அரிது. எனவே, எல்லாத் துண்டுகளையும் கவ்விகளால் பிடித்து நிறுத்தி, பத்தடி தூரம் போய் நின்று பார்த்து, இடைவெளிகளைச் சரிசெய்த பிறகே துளையிட வேண்டும். துளையைப் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இட்டு, அகலமான வாஷரைப் போட்டால் பின்னர் நகர்த்த இடம் கிடைக்கும்.

சட்டகத்துக்குப் பூசப்படும் தூள் வண்ணம் வேறொரு தொல்லை. துளைகளுக்குள்ளும் மரைகளுக்குள்ளும் அது படிந்து, சரியான போல்ட்டையே நுழைய விடாது. சுத்தியலால் அடிக்காதீர்கள். மரைக்கு உரிய டாப்பை ஒருமுறை விட்டு எடுத்தால் போதும். டிஃபரென்ஷியலைச் சட்டகத்தின் மையத்தில் நிறுத்த, கேட்டர்ஹாம் கட்டுபவர்கள் இருபுறமும் வாஷர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு மாலை முழுக்கப் போகும் வேலை இது. தோட்டத்து ஆலைகளில் ஃபிட்டராக இருந்த நம் பெரியவர்கள், தகரத்தை வெட்டி ஷிம் போட்டு ரப்பர் உருளைகளைச் சமன்செய்ததும் இதே வித்தைதான். ‘ஃபிட்டர்’ என்ற பெயரே பொருத்துபவர் என்றுதான் பொருள்படும். அவர்களிடம் சான்றிதழ் இல்லை என்பதற்காக அதைக் கைவேலை என்று ஒதுக்கி, நாம் வகுப்பறையில் ‘சகிப்பளவு’ என்று எழுதிப் படிப்பதை மட்டும் பொறியியல் என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆனால், எல்லாப் பொருந்தாமையையும் வாஷரால் தீர்க்கக் கூடாது. பிரேக் குழாயின் முனையைப் பாருங்கள். ஜப்பானிய வண்டிகளில் 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்ட நட்டு வழக்கமானது. பழைய பிரிட்டிஷ், அமெரிக்கப் பாகங்களில் 3/8 அங்குல நட்டு, அங்குலத்துக்கு 24 மரை. கணக்கிட்டால் விட்டம் 9.525 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.058 மில்லிமீட்டர். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை மற்றதில் திருகினால் சில சுற்று உள்ளேயும் போகும். அதன்பின் இறுகுவது போலத் தோன்றும்போது உண்மையில் மரை நசுங்கிக் கொண்டிருக்கும். கொட்டகையில் ஒழுகாத அந்த இணைப்பு, முழு வேகத்தில் பிரேக்கை மிதிக்கும் அன்று விட்டுப் போகலாம். பல நாட்டுப் பாகங்களைக் கலந்து கட்டும்போது மரை அளவு காட்டும் சிறு தகடு ஒன்றைக் கையில் வைத்துக் கொள்வது கட்டாயம்.

ஸ்டியரிங்கும் இப்படித்தான். ஸ்டியரிங் ரேக்கைச் சட்டகத்தில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வைத்துப் பூட்டிவிட முடியாது. சக்கரம் மேலும் கீழும் அசையும்போது சஸ்பென்ஷன் கை ஒரு வட்டவில்லில் நகரும். ஸ்டியரிங் தண்டும் தனக்கென ஒரு வட்டவில்லில் நகரும். ரேக்கின் உயரம் தவறினால் இரு வில்களும் ஒத்துப் போகா. அப்போது நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே, சாலையில் ஒரு மேடு வந்தால் சக்கரம் தானே திரும்பும். ஸ்பிரிங்கைப் பூட்டுவதற்கு முன்பே சக்கரத்தைக் கையால் தூக்கி இறக்கி, அது திரும்புகிறதா என்று பார்த்து, ரேக்கின் உயரத்தைத் திருத்திக் கொள்ள வேண்டும்.

இனி எஞ்சின். செவன் போன்ற வண்டிக்கு எஞ்சின் நெடுக்காக முன்னே இருக்க வேண்டும். பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ள வேண்டும். நம் சாலைகளில் பெருகிய சாகா, வீரா, கஞ்சில், மைவி எல்லாம் குறுக்கு எஞ்சினும் முன்சக்கர இழுவையும் கொண்டவை. பழைய டட்சன் 120ஒய், டொயோட்டா கே.இ.70 போன்றவை பின்சக்கர வண்டிகள். ஆனால், அவை இன்று சேகரிப்பாளர்களின் செல்லப்பிள்ளைகள். அப்படியானால் கஞ்சிலின் எஞ்சினை வைத்து ஸ்போர்ட்ஸ் கார் கட்டவே முடியாதா?

முடியும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டு கோயம்புத்தூரில் இருக்கிறது. எஸ். கரிவரதன் என்ற தொழிற்குடும்பத்து இளைஞர், 1980களின் பிற்பகுதியில் மாருதி 800-இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். வெளிநாட்டுப் பந்தய வண்டியை வாங்க வசதியில்லாத இந்திய இளைஞர்களுக்கு அது கதவைத் திறந்தது. பின்னாளில், 2005-இல், ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் ஃபார்முலா மாருதிதான். கரிவரதன் 1995-இல் வானூர்தி விபத்தொன்றில் காலமானார். கோவை அருகே அவர் பெயரில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது.

முன்சக்கர வண்டியின் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் அனைத்தையும் ஒரே தொகுதியாகத் தூக்கி, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைப்பதே இவ்வகை வண்டிகளின் சூத்திரம். அப்படி நகர்த்தும்போது திசையைத் திருப்பாமல் நேராகப் பின்னுக்குக் கொண்டு போக வேண்டும். திருப்பி வைத்தால் உங்கள் வண்டிக்கு முன்னோக்கி ஒரு கியரும் பின்னோக்கி நாலைந்து கியரும் கிடைக்கும்! முன்பு ஸ்டியரிங் தண்டு பிடித்திருந்த கைகள் இப்போது பின்சக்கரத்தில் சும்மா நிற்கும். அவற்றைச் சட்டகத்தோடு நிலையாகக் கட்டாவிட்டால் பின்சக்கரங்கள் தம் விருப்பப்படி திரும்பும். கியர் கோலும் இப்போது எஞ்சினுக்கு நெடுந்தூரம். நீண்ட தண்டாக இருந்தால் மூட்டுக்கு மூட்டு ஆட்டம் கூடி, கியர் எங்கே விழுகிறது என்றே தெரியாது. கேபிள் மேல்.

மலாக்காவில் இதை எங்கே செய்வது? கொட்டகையில் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டுவது இங்கு எளிதன்று. பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றை வண்டியைச் சோதித்து ஏற்றுக் கொள்ளத் தனித் தேர்வு உண்டு. பிரேக்கிலிருந்து கூர் விளிம்புவரை பார்ப்பார்கள். நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பதிவான வண்டியின் அமைப்பை மாற்றவே ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். ஆகவே, சாலையில் ஓட்டும் எண்ணமிருந்தால் இரும்பு வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். அனுமதியின்றி எஞ்சினை மாற்றி, இரவில் ஆயர் குரோ சாலையில் சோதித்துப் பார்க்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்வேன். அதைவிட நல்ல வழி மாணவர் பந்தயங்கள். டுரியான் துங்காலில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா, மாணவர்களே சிறு பந்தய வண்டியை வடிவமைத்துக் கட்டி ஓட்டும் ‘ஃபார்முலா வர்சிட்டி’ போட்டியை நடத்தியிருக்கிறது. அத்தகைய குழுவில் சேரும் நம் மாணவர்கள், ஜாசினிலோ அலோர் காஜாவிலோ பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனையும் துணைக்கு அழைத்துக் கொள்ளலாம். கணினியில் வரைந்த துளைக்குள் ஸ்பானர் பிடித்த கை நுழையுமா என்பதை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

கடைசியாகப் பொருத்திப் பார்க்க வேண்டிய பாகம் ஓட்டுநர். பலர் இதைத்தான் மறக்கிறார்கள். செவனின் கால்வைப்பிடம் மிகக் குறுகியது. அகலமான சப்பாத்து அணிந்தால் பிரேக்கோடு எண்ணெய் மிதியும் சேர்ந்து அமுங்கும். அதனாலேயே பலர் மெல்லிய அடிப்பாகம் கொண்ட சப்பாத்தை அணிகிறார்கள். உயரமானவர்களுக்கென்று அகலச் சட்டகமும் விற்கப்படுகிறது. சட்டகம் வெட்டுவதற்கு முன் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வண்டியை முழு அளவில் வரையுங்கள். குழுவிலேயே உயரமானவரையும் பருமனானவரையும் அதற்குள் உட்கார வையுங்கள். மூன்று மிதிகளையும் அட்டையில் வெட்டி வைத்து, தலைக்கவசத்தோடு, சப்பாத்தோடு மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக்கடைக்கு அதன்பின் போகலாம்.