செலினியம்: குறைந்தாலும் வம்பு, கூடினாலும் வம்பு

வத்தலகுண்டிலிருந்து ஏறும் மலைச்சாலையும் பழனியிலிருந்து வரும் சாலையும் பெருமாள்மலையில் சந்திக்கின்றன. கொடைக்கானல் போகிற வண்டிகள் இங்கே டீக்கு நிற்கும். பிளம்ஸ், பேரிக்காய், பட்டர் ஃப்ரூட் என்று பருவத்துக்கேற்ற பழங்களோடு மலைப்பூண்டும் சாலையோரக் கடைகளில் குவிந்திருக்கும். "சுகருக்கு நல்லது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கால் கிலோ கேட்டவர் அரைக் கிலோவாக வாங்கிவிடுவார்.

புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு மணத்துக்கும் காரத்துக்கும் பேர்போனது. ரசத்தில் தட்டிப் போடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. கவனிக்க வேண்டியவர்கள் வேறு. பூண்டில் செலினியம் இருக்கிறது, அது சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் என்று எங்கோ படித்துவிட்டு, அதையே மாத்திரையாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள்.

மண்ணில் இருந்தால்தான் தட்டில்

செலினியத்தை 1817-இல் கண்டறிந்தவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ். நெடுங்காலம் அது நஞ்சாகவே கருதப்பட்டது. உடலுக்கு அது தேவை என்பது 20-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் தெளிவானது. தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவும், உயிரணுக்களில் சேரும் கழிவுகளை அகற்றும் நொதிகள் உருவாகவும் செலினியம் வேண்டும்.

எவ்வளவு வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 மைக்ரோகிராம். இந்தக் கணக்கில் ஒரே ஒரு கிராம் செலினியம் ஒருவருக்கு 68 ஆண்டுகளுக்குப் போதும்!

செடி இதை மண்ணிலிருந்து எடுக்கிறது. பூண்டும் வெங்காயமும் கந்தகத்தை விரும்பி உறிஞ்சும் பயிர்கள். செலினியம் வேதியியலில் கந்தகத்தின் நெருங்கிய உறவு என்பதால் அதையும் சேர்த்தே இழுத்துக்கொள்கின்றன. ஆனால் மண்ணில் இல்லாததைப் பூண்டு எங்கிருந்து கொண்டுவரும்? அமிலத்தன்மை மிகுந்த செம்மண்ணில் செலினியம் இரும்போடு பிணைந்து, வேருக்கு எட்டாமல் போய்விடுவதும் உண்டு. சீனாவின் கெஷான் பகுதியில் மண்ணில் செலினியம் குறைந்ததால் குழந்தைகளும் இளம்பெண்களும் இதயத் தசை நோய்க்குப் பலியானார்கள். அந்த ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது.

பஞ்சாப் கோதுமை

மறுகோடிக்கு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. பஞ்சாபின் நவான்ஷகர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் சில கிராமங்களின் மண்ணில் செலினியம் அளவுக்கு மீறி உள்ளது. அங்கே விளைந்த தீவனத்தைத் தின்ற கால்நடைகளுக்குக் குளம்பு கழன்றது, முடி கொட்டியது. மனிதர்களிடமும் நகச் சிதைவு, முடி உதிர்வு போன்ற அறிகுறிகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

2024 டிசம்பர் கடைசியிலும் அடுத்து வந்த ஜனவரியிலும் மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டக் கிராமங்களில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் சில நாட்களிலேயே தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. தேள்கடி சிகிச்சையில் உலகப் புகழ்பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் அங்கே சென்று மாதிரிகளைச் சோதித்தார். பஞ்சாப் பக்கமிருந்து ரேஷன் கடை வழியே வந்த கோதுமையில் இருந்த மிகையான செலினியமே காரணம் என்பது அவர் முடிவு.

செலினியம் உடலில் மிஞ்சிவிட்டால் தெரியும் அடையாளங்களில் ஒன்று மூச்சில் பூண்டு வாடை. பூண்டே சாப்பிடாதவருக்கும் அந்த வாடை வரும்.

200 மைக்ரோகிராம் மாத்திரை செய்த வேலை

அமெரிக்காவில் 1980-களில் ஓர் ஆய்வு தொடங்கியது. தோல் புற்றுநோய் வந்து குணமான 1,312 பேரில் ஒரு பாதிக்கு நாளுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம், மறுபாதிக்கு வெறும் மாத்திரை. நோக்கம் புற்றுநோயைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பது. பின்னாளில் அதே பதிவேடுகளை நீரிழிவுக் கண்ணோட்டத்தில் புரட்டினார்கள். செலினியம் சர்க்கரை நோயைத் தடுத்திருக்கும் என்பதே எதிர்பார்ப்பு.

2007-இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. தொடக்கத்தில் நீரிழிவு இல்லாத 1,202 பேரில், செலினியம் எடுத்தவர்களில் 58 பேருக்கும் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 39 பேருக்கும் நோய் வந்திருந்தது. ஏற்கெனவே ரத்தத்தில் செலினியம் அதிகம் இருந்தவர்களுக்கே ஆபத்து கூடுதல்.

35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த 'செலக்ட்' ஆய்வில் நீரிழிவு அந்த அளவுக்குக் கூடவில்லை. ஆனால் புற்றுநோய்த் தடுப்பில் பயனும் இல்லை என்பதால் 2008-இல் மாத்திரையை நிறுத்தினார்கள். இதற்கிடையே, கால் நகத்தை வெட்டி வாங்கி அதில் செலினியத்தை அளந்த இன்னோர் அமெரிக்க ஆய்வு, உணவின் வழியே ஓரளவு கூடுதலாகச் செலினியம் பெற்றவர்களுக்கு நீரிழிவு குறைவு என்றது. குழப்பமாகத் தோன்றலாம். மாத்திரைக்கு ஆதரவாக மட்டும் எந்தப் பெரிய ஆய்வும் சாட்சி சொல்லவில்லை என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

இன்சுலின் தடுமாறுவது எப்படி?

செலினியம் சேர்ந்த நொதிகள் உடலில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அழிக்கின்றன. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இன்சுலினின் செய்தி உயிரணுவுக்குள் போய்ச் சேர அதே பெராக்சைடு துளியளவு தேவை. துடைப்பம் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தால் கோலமும் சேர்ந்து அழியும். இந்த நொதிகளில் ஒன்று மிகையாகச் சுரக்கும்படி மாற்றப்பட்ட எலிகள் குண்டாகி, இன்சுலினுக்கு மசியாமல் போனதை 2004-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கல்லீரல் சுரக்கும் செலினோபுரோட்டீன் பி அதிகமானால் இன்சுலின் எதிர்ப்பு வரும் என்பதை ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகக் குழு 2010-இல் கண்டது.

இலையில் என்ன வைக்கலாம்?

ஒரு முட்டையில் சுமார் 15 மைக்ரோகிராம் செலினியம் உண்டு. மத்தி, சூரை போன்ற கடல்மீன்களில் இன்னும் அதிகம். கோழிக்கறி, கோதுமை, பருப்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. கலந்து சாப்பிடுகிறவருக்கு 40 எட்டுவது சிரமமில்லை. ஆன்லைனில் விற்கும் பிரேசில் கொட்டையில் ஒன்றே அன்றைய தேவையைத் தாண்டிவிடும். முந்திரிபோல் கைப்பிடி அள்ளக்கூடாது.

2023-இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. அவர்களில் மாத்திரை டப்பாவின் பின்பக்கத்தைப் படிப்பவர்கள் சிலரே. சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதில் செலினியம் எத்தனை மைக்ரோகிராம் என்று பார்த்து, அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தக் காசில் மலைப்பூண்டு வாங்குங்கள்.