பகிர்ந்து கொடுக்க ஒரு பெட்டி

ஜப்பானில் வெளியூர் சென்று திரும்புபவர், உடன் பணிபுரிவோருக்கு அவ்வூர்த் தின்பண்டத்தை வாங்கி வருவது வழக்கம். இதனை ‘ஒமியாகே’ என்பர். வெறுங்கையுடன் திரும்பினால் அவருக்கே சங்கடம். அதனால்தான் தோக்கியோ, கியோத்தோ போன்ற நகரங்களின் இரயில் நிலையங்களில் இத்தகைய கடைகள் நிறைந்துள்ளன. பெரும்பாலான பெட்டிகளில் ஒவ்வொரு துண்டும் தனித்தனி உறையில் இருக்கும். எண்ணிக்கையும் மேலே அச்சிடப்பட்டிருக்கும். எத்தனை பேர் என்று கணக்கிட்டு வாங்கினால் போதும். 1991இல் அறிமுகமான ‘தோக்கியோ பனானா’ கேக், வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்பெறாத அந்நகரின் அடையாளமாகிவிட்டது! கியோத்தோவின் ‘யாட்சுஹாஷி’ இலவங்கப்பட்டை மணம் கொண்டது. அதன் மென்மையான வகை விரைவில் கெட்டுவிடும். ஆகவே, பெட்டியிலுள்ள தேதியைக் கவனிக்க வேண்டும். அங்கு ஆண்டை முதலில் எழுதுவர், ‘26.10.05’ என்றால் 2026 அக்டோபர் 5.