சோலோ ரைடு கிளம்புறீங்களா? ஸ்பேனரோடு இதையும் எடுத்துட்டுப் போங்க!

ஹெல்மெட், பவர் பேங்க், ரெயின் கோட், பிளேலிஸ்ட்... எல்லாத்துக்கும் டிக் போட்டாச்சா? உங்க லிஸ்ட்டில் ஒண்ணு மட்டும் மிஸ் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். 'அண்ணே, கொஞ்சம் ஹெல்ப் பண்ணுறீங்களா?' என்ற ஒரே ஒரு வரிதான் அது. பையில் இடம் பிடிக்காது. ஆனா, வாயிலிருந்து வெளியே வர ரொம்ப நேரம் பிடிக்கும்.

எனக்கு முக்கால் மணி நேரம் பிடிச்சது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக தனுஷ்கோடி. சுமார் 600 கிலோமீட்டர். வீட்டில் ஒரு வாரம் சண்டை போட்டு வாங்கின பர்மிஷன். "ஒரு பொண்ணு தனியா எப்படிப் போவ? நடுவழியில வண்டி நின்னா என்ன பண்ணுவ?" என்று அம்மா கேட்டதுக்கு, "நானே பார்த்துப்பேன்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

தொண்டி தாண்டி ஒரு முள்

இரண்டாம் நாள் சாயங்காலம். தொண்டியைத் தாண்டி, தேவிபட்டினம் போகும் வழி. ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பின் சக்கரம் திடீர்னு ஆட ஆரம்பிச்சது. இறங்கிப் பார்த்தால், காத்து மொத்தமும் போயிருந்தது. பழைய பைக், டியூப் டயர். பஞ்சர் ஒட்டவும் தெரியாது. போனில் சார்ஜ் 4 சதவிகிதம். பவர் பேங்க்? நாகப்பட்டினம் லாட்ஜில் சார்ஜரோடு தூங்கிக்கொண்டிருந்தது!

அந்த முக்கால் மணி நேரத்தில் மூணு வண்டிகள் என் பக்கத்தில் வேகம் குறைந்தன. மூணு பேருக்கும் நான் சிரிச்சுக்கிட்டே "ஒண்ணுமில்லைங்க, சும்மா நிக்கிறேன்" என்று கையைக் காட்டினேன். கொஞ்சம் பயம், நிறைய வறட்டு கௌரவம். அன்றைக்கு நான் செய்த பெரிய தப்பு பவர் பேங்கை மறந்தது இல்லை... இதுதான்.

கடைசியில், ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி என் சிரிப்பைக் கண்டுக்கவே இல்லை. நேரா சக்கரத்தைப் பார்த்தார். "எங்கத்தா போகணும்?" அப்போதுதான் வாய் வந்தது. "ராமநாதபுரம் பாட்டி. பஞ்சர் ஒட்டணும், யாராச்சும் இருக்காங்களா?"

சைக்கிளில் வந்த பையன் ஒருத்தனை நிறுத்தி, பஞ்சர் கடைக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்க கிளம்புங்க பாட்டி, இருட்டுது" என்றேன். "பொட்டப்புள்ளைய ஒத்தையில விட்டுட்டு எப்படித்தா போவேன்?" என்றவர், வேலை முடியும் வரை எழுந்திருக்கவே இல்லை.

பஞ்சர்கார அண்ணன் மொபெட்டில் பம்ப், டூல்ஸோடு வந்தார். டயரிலிருந்து ரெண்டு கருவேல முள்ளை எடுத்துக் காட்டினார். பஞ்சருக்கு மட்டும்தான் காசு வாங்கினார். வந்துபோன பெட்ரோலுக்குக் கொடுத்ததைத் தொடவில்லை. ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்து, "ரூமுக்குப் போனதும் ஒரு போன் போட்ரும்மா" என்றார்.

ராமநாதபுரம் லாட்ஜில் சார்ஜ் போட்டு நான் கூப்பிட்டபோது மணி ஒன்பதரை. முதல் ரிங்கிலேயே எடுத்தார். "போய்ட்டியாம்மா? சரி, வச்சிடுறேன்." அவ்ளோதான். அதுவரை ஒருத்தர் எனக்காகப் போனைக் கையில் வச்சுக்கிட்டு இருந்திருக்கிறார்.

உங்க கையில் இருக்கிற விஷயங்கள்

பாதி விபரீதங்களைக் கிளம்பும் முன்பே தடுத்துவிடலாம்.

* உங்க வண்டியில் இருப்பது டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா என்று தெரிஞ்சுக்கோங்க. டியூப்லெஸ்ஸில் ஆணியோ முள்ளோ ஏறினால், உடனே பிடுங்காதீங்க. அது உள்ளேயே இருக்கும்வரை காத்து பெரும்பாலும் மெதுவாகத்தான் இறங்கும். அந்த நேரத்தில் மெள்ள ஓட்டிப் பக்கத்துக் கடையைப் பிடிச்சுடலாம். பஞ்சர் கிட்டும் சின்ன பம்ப்பும் இருந்தால் நீங்களே சரிசெய்யலாம். டியூப் டயர் என்றால், ஸ்பேர் டியூப் ஒண்ணு பையில் இருக்கட்டும்.

* கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் தலா ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சுக்கோங்க. உங்க மாடலுக்கான கேபிள் சின்ன ஊர்க் கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மாட்டித்தர ஆள் கிடைச்சுடுவார்.

* மேப்பை ஆஃப்லைனில் டவுன்லோடு செய்துக்கோங்க. முக்கியமான மூணு நம்பர்களைப் பேப்பரில் எழுதி பர்ஸில் வையுங்க. போன் செத்துப்போனாலும் பேப்பர் சாகாது.

* இருட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ரூமுக்குப் போய்ச் சேர்கிற மாதிரி பிளான் பண்ணுங்க.

காத்தும் மணலும்

கடலோர ரூட்டுக்கென்றே சில சோதனைகள் உண்டு. பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினதும் பக்கவாட்டில் காத்து தள்ளும். பயந்து ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சால் வண்டி இன்னும் அலையும். வேகத்தைக் குறைச்சு, முழங்காலால் டேங்கை அணைச்சு, கையைத் தளர்த்தி ஓட்டுங்க. லக்கேஜ் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்.

1964 புயலில் அழிந்துபோன தனுஷ்கோடியைத் தாண்டி, இப்போ அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கு. ஆனா, ரோட்டை விட்டு இறங்கினால் மணல். சைடு ஸ்டாண்டு போட்டு நான் நாலடி நடப்பதற்குள் வண்டி சாய்ஞ்சுடுச்சு. மீன் கூடையோடு போன அக்காக்கள் இரண்டு பேர் கூடையை இறக்கி வச்சுட்டு வந்து தூக்கிவிட்டார்கள். ஒருத்தர் தட்டையான கல் ஒண்ணைத் தேடி எடுத்து ஸ்டாண்டுக்கு அடியில் வச்சார். "இப்ப நிக்கும் பாரு!" நின்றது. வீடு திரும்பியதும் வண்டியை நல்ல தண்ணியில் கழுவி, செயினுக்கு லூப் அடிக்க மறந்துடாதீங்க. உப்புக்காத்து துருவைக் கொண்டுவரும்.

உதவி கேட்கிறதும் ஒரு ஸ்கில்தான்

எல்லாரையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பச் சொல்லவில்லை. யாரிடம், எங்கே, எப்படிக் கேட்கிறோம் என்பதுதான் விஷயம்.

டீக்கடை, பெட்ரோல் பங்க், மெடிக்கல் ஷாப் என்று நாலு பேர் இருக்கிற இடமாகப் பாருங்க. 'என்ன பண்றதுன்னே தெரியலை' என்று புலம்பாமல், 'பின் டயர் பஞ்சர், கடை எங்கே இருக்கு?' என்று நேரடியாகக் கேளுங்க. பதிலும் நேரடியாக வரும். யாராவது வண்டியில் ஏறச் சொன்னால், அவர் காதில் விழும்படி வீட்டுக்குப் போன் பண்ணி வண்டி நம்பரைச் சொல்லுங்க. மனசுக்குச் சரியாகப் படவில்லையா? 'வேண்டாங்க, ஆள் வந்துட்டு இருக்காங்க' என்று தயங்காமல் மறுத்துடுங்க. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033, பெண்களுக்கு 181.

அடுத்தது உங்க டர்ன்

அந்தப் பாட்டிக்கு நான் திருப்பித் தர எதுவும் இல்லை. பேர்கூடக் கேட்டு வச்சுக்கவில்லை. ஆனா, ரோட்டில் வாங்கினதை ரோட்டிலேயே கொடுக்கலாம். ஓரமாக ஒரு வண்டி நின்றால், வேகத்தைக் குறைச்சு 'எல்லாம் ஓகேவா?' என்று கேட்க பத்து செகண்டு போதும்.

விபத்து என்றால், 'போலீஸ் கேஸ், கோர்ட்டுன்னு அலையவிடுவாங்க' என்று பலரும் ஒதுங்கிப் போகிறார்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர்களைப் பாதுகாக்கிறது. உங்க பேர், முகவரியைச் சொல்லியே ஆகணும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "எல்லாத்தையும் நீயே பார்த்துக்கிட்டியா?"

"இல்லம்மா. வழியெல்லாம் ஆளுங்க பார்த்துக்கிட்டாங்க" என்றேன். அடுத்த ட்ரிப்புக்கு அவர் சண்டை போடவில்லை. பவர் பேங்கை மட்டும் அவரே எடுத்துப் பையில் வச்சார்!