நெகட்டிவுக்குக் கீழே எரியும் விளக்கு

பழைய நெகட்டிவ்களை வீட்டிலேயே கேமராவால் டிஜிட்டலாக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கேமரா வாங்கலாம் என்றுதான். கையில் இருப்பதே பெரும்பாலும் போதும். காசு போக வேண்டிய இடம் ஃபிலிமுக்குக் கீழே எரியும் விளக்கு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மி.மீ. மேக்ரோ லென்ஸ் மாட்டிய 24 மெகாபிக்சல் கேமராவில் சட்டம் நிறைய எடுத்தால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 4,200 புள்ளிகள் கிடைக்கும். குடும்பப் படங்களுக்கு இது தாராளம். ஆனால் கலர் நெகட்டிவின் ஆரஞ்சுச் சாயலை நீக்கி நிறங்களைத் திருப்பும்போது, விளக்கில் இல்லாத நிறத்தை எந்த மென்பொருளாலும் சரியாக மீட்க முடியாது. மலிவான எல்.இ.டி.யில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. முகங்களின் நிறம் கெடும். நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. அளவு 95க்கு மேல் உள்ள விளக்கே நல்லது.

கேமரா எதற்கு, ஸ்கேனர் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டு தானே அழித்துவிடுமே என்பார்கள். கலர் ஃபிலிமுக்கு அது நியாயமான வாதம். வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமிலோ வெள்ளித் துகள்களே அந்தக் கதிரை மறிப்பதால் அந்த வித்தை பலிக்காது. வீட்டுப் பெட்டிகளில் பழையவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைதானே! ஊதுபந்தும் கையுறையும் எப்படியும் வேண்டும். அடுத்த சிக்கல், கேமராவும் ஃபிலிமும் இணையாக இல்லாவிட்டால் ஓரங்கள் மங்குவது. ஃபிலிம் இருக்கும் இடத்தில் சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நட்ட நடுவில் தெரியும்வரை கேமராவைத் திருத்தினால் போதும்.