முத்துக்கடலும் மூழ்கும் தீவுகளும்

நுழையும்முன்

காடு என்றதும் மரமும் மலையும் விலங்கும் நம் மனக்கண்ணில் தோன்றும். கடலுக்கு அடியிலும் அத்தகைய காடு உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே விரிந்துள்ள மன்னார் வளைகுடாவில் அக்காடு எவ்வாறு அழிந்தது, எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

முத்து விளைந்த கடல்

பாண்டியரின் துறைமுகமான கொற்கையின் முத்துகளைச் சங்க இலக்கியம் புகழ்கிறது. கிரேக்க மாலுமியின் 'பெரிப்ளசு' நூலும் குறிப்பிடுகிறது. கொற்கை கடலைவிட்டு விலகியபின் அவ்வளம் தூத்துக்குடியின் பெருமையாயிற்று. முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத்திட்டுகளைப் 'பார்' என்பர். ஆங்கிலேயர் ஆட்சியில், பார்களை முதலில் ஆய்வு செய்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து முத்தின் மதிப்பைக் கணித்து, முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிக்க இசைவளித்தனர். அதன் நோக்கம் வருவாயே. எனினும், கடல் தந்ததை எடுக்கக் காத்திருக்க வேண்டும் என்னும் ஒழுங்கு அதனால் நிலைத்தது. இக்கரையில் இறுதியாகப் பெருமளவில் முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961-ஆம் ஆண்டில். அதன்பின் பார்களில் போதிய சிப்பிகள் பெருகவில்லை.

கடலடிக் காடு

மன்னார் வளைகுடாவில் 3,600-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் வாழ்கின்றன. இவற்றுள் பலவற்றுக்குப் பவளப்பாறையும் கடற்புல் வெளியுமே தாய்வீடு. பவளப்பாறையை உருவாக்குவது நுண்ணிய உயிரியாகும். அதன் உடலுக்குள் வாழும் பாசி, கதிரவன் ஒளியால் உணவு ஆக்கித் தருகிறது. அவ்வுயிரி பாசிக்கு உறைவிடம் தருகிறது. கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமடைந்தால் பாசி வெளியேறிவிடும். உணவிழந்த பவளம் வெண்மையாக வெளிறும். வெப்பம் நீடித்தால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்விடர் இங்கே நேர்ந்தது. கடற்புல் வெளியோ கடற்பசுவின் மேய்ச்சல் நிலமாகும்.

மூழ்கிய தீவுகள்

பவளப்பாறை, அலையின் வேகத்தைத் தணித்துத் தீவுக்கு அரணாக நிற்பது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்திற்காகவும் இப்பாறைகள் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. அரண் அகன்றதும் அலை நேரடியாகக் கரையை அரித்தது. 21 தீவுகளுள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீருக்குள் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் காரைச்சல்லித் தீவும் பெரிதும் சுருங்கின. வெட்டியவர்களுள் பெரும்பாலோர் வேறு பிழைப்பற்ற எளியவர்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தெரிந்து தெளிவோம்

தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலாளர்கள் 1973-இல் சிப்பிகளை வளர்த்து முத்து உருவாக்கும் முறையில் வெற்றி கண்டனர். 1981-இல் பொரிப்பகத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை உருவாக்கினர்.

சட்டமும் காவலும்

தமிழ்நாடு அரசு 1986-இல் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் உள்ளடக்கி, 560 சதுர கி.மீ. பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் யுனெஸ்கோவின் உலகக் காப்பக வலைப்பின்னலில் இது இடம்பெற்றது. அதே ஆண்டில் பவளமும் கடல் அட்டையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

காப்பகம் வெவ்வேறு வகைப் பகுதிகளைக் கொண்டது. தீவுகள் அமைந்த மையப் பகுதியில் உயிரினங்களை எடுக்கத் தடை உண்டு. வனத்துறையினர் படகுகளில் சுற்றுக்காவல் புரிகின்றனர். அதனைச் சூழ்ந்த இடைநிலைப் பகுதியில் மக்கள் மீன்பிடித்து வாழலாம். மையத்தில் பெருகும் மீன்களும் அவற்றின் குஞ்சுகளும் வெளிக்கடலுக்குப் பரவுவதால், காவலின் பயன் மீனவரின் வலைக்கும் வந்துசேரும்.

மீட்கும் முயற்சிகள்

காவல் மட்டும் போதாதபோது மீட்பு தேவைப்படுகிறது. உயிருள்ள பவளத் துண்டுகளைச் சட்டங்களில் பொருத்திக் கடலடியில் வளர்க்கின்றனர். வான் தீவைச் சுற்றித் துளைகள் கொண்ட கற்காரைக் கட்டமைப்புகளை இறக்கியுள்ளனர். இவை அலையைத் தணித்து மணல் சேர உதவுகின்றன. மீன்களுக்குப் புகலிடமும் ஆகின்றன. எனினும், இயற்கை நெடுங்காலம் உழைத்து எழுப்பிய பாறைக்குக் கற்காரை முழுமையாக ஈடாகாது.

மக்களும் கடலும்

தலைமுறை தலைமுறையாகத் தீவுகளில் பாசி சேகரித்தும் சங்கு குளித்தும் வாழ்ந்தோர்க்குத் தடை என்பது வாழ்வாதாரச் சிக்கலாகும். எனவேதான் கிராமந்தோறும் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டுச் சிறுகடனும் மாற்றுத்தொழிற் பயிற்சியும் வழங்கப்பட்டன. அடியை வாரிச்செல்லும் இழுவலை, துறைமுகப் போக்குவரத்து, ஆலைக்கழிவு, நெகிழிக் குப்பை ஆகியவற்றையும் கட்டுப்படுத்தாமல் எளியவரை மட்டும் தடுப்பது நீதியாகாது. அதனால் கடலும் பிழைக்காது.

மூழ்கிய இரு தீவுகளும் நமக்குப் பாடம். எஞ்சிய பத்தொன்பதைக் காப்பது சட்டத்தின் கடமை மட்டுமன்று. அக்கடலின் மீனை உண்ணும், அதன் துறைமுகத்தால் வளம்பெறும் நம் அனைவரின் கடமையுமாகும்.